குவிப்பதா, விரிப்பதா? அசையும் பாகமில்லாத டார்ச் விளக்குகள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைப்பகுதியைத் திருகாமலும் இழுக்காமலும், பொத்தானை அழுத்தியே கற்றையின் அகலத்தை மாற்றக்கூடிய டார்ச் விளக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எளிய நடையில் எழுதப்பட்ட நல்ல கட்டுரைதான். ஆனால், மின்சாரமே ஒளியைக் குவித்துவிடுவதுபோல் அதில் சொல்லப்பட்டிருப்பது விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. இத்தகைய விளக்கில் குவிக்கும் வேலையைப் பழையபடி அசையாத லென்ஸோ ரிஃப்ளெக்டரோதான் செய்கிறது; மின்சாரத்தின் பங்கு, ஏற்கெனவே குவிந்து வருவதை வேண்டிய அளவுக்கு விரித்துவிடுவது, அல்லது எந்த எல்.இ.டி. சில்லை, அதாவது ஒளி தரும் எந்தச் சிறு தகட்டை, எரிய விடுவது என்று தேர்ந்தெடுப்பது.

இதை விளங்கிக்கொள்ள, இழுத்து நீட்டும் வகை டார்ச் ஒன்றின் தலையை முழுவதும் முன்னால் இழுத்து, இருட்டறையில் எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தால் போதும். சுவரில் வட்டம் விழாது. ஓரம் வெட்டினாற்போல் ஒரு சதுரம் விழும், கூர்ந்து பார்த்தால் அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகளும் தெரியும். அது எல்.இ.டி. சில்லின் உருவமே, கோடுகள் அதன் மேலுள்ள மின்முனைகள். சில்லுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரம் லென்ஸின் குவியத் தூரத்துக்குச் சமமாகும் இடத்தில் கற்றை மிகவும் குறுகுகிறது. 1 மி.மீ. அகலமுள்ள சில்லுக்கு முன்னால் 20 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை வைத்தால், கற்றையின் விரிவு இருபதில் ஒரு ரேடியன், அதாவது ஏறத்தாழ 3 பாகை. இன்னும் குறுக வேண்டுமென்றால் சில்லைச் சிறிதாக்க வேண்டும், இல்லையேல் லென்ஸைப் பெரிதாக்கித் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

நகரும் தலையை விட்டொழிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் நினைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. தட்டையான சில்லிலிருந்து புறப்படும் ஒளியில், அச்சிலிருந்து குறிப்பிட்ட கோணத்துக்குள் அடங்கும் பங்கு, அக்கோணத்துக்குரிய சைன் மதிப்பின் வர்க்கமாகும். லென்ஸ் அருகில் இருந்து 60 பாகை வரையிலான ஒளியை வாங்கிக்கொண்டால் 75 விழுக்காடு வெளியே போகும். அதே லென்ஸ் தள்ளிப்போய் 30 பாகையை மட்டும் பிடித்தால் 25 விழுக்காடுதான் போகும். மிச்சமெல்லாம் குழாயின் உட்சுவரில் மோதி வீணாகச் சூடாகிறது. போதாக்குறைக்கு, நீட்டி மடக்கும்போதெல்லாம் தலைப்பகுதி பம்பு மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நான் வைத்திருந்த ஒன்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் லென்ஸின் உட்புறம் பனித்துப்போனது. ரப்பர் வளையம் தேய்ந்து, டார்ச்சைக் கவிழ்த்துப் பிடித்தால் தலை தானாகவே நழுவத் தொடங்கியது.

அசையும் பாகமே இல்லாத வழிகளில் மிக எளியது, ஒரே உறைக்குள் இரண்டு எல்.இ.டி.களை வைத்து, ஒன்றுக்குக் குறுகிய கற்றைக்கான லென்ஸும் மற்றொன்றுக்கு அகன்ற கற்றைக்கான லென்ஸும் பொருத்தி, மின்னோட்டத்தை இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான். தலையில் கட்டும் விளக்குகளில் இது பழகிப்போன ஏற்பாடு. இதன் அடுத்த படி, ஒரே லென்ஸின் பின்னால் பல சிறு சில்லுகளை வரிசையாக அடுக்குவது. குவியத்தளத்தில் சில்லு எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் ஒளி போகும் திசை அமையும் என்பதால், நடுச்சில்லு மட்டும் எரிந்தால் கற்றை குறுகும், எல்லாம் எரிந்தால் அகலும். 2013-இல் ஆடி நிறுவனத்தின் ஏ8 காரில் முன்விளக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியே இயங்கும் 25 எல்.இ.டி.கள் வந்ததும், 2022-இல் வெளியான ஐபோன் 14 ப்ரோவின் ஃபிளாஷில் 9 எல்.இ.டி.கள் கேமராவின் குவியத் தூரத்துக்கேற்ப ஒளிரும் அமைப்பை மாற்றிக்கொண்டதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் ஓரச் சில்லுகளை அணைப்பதால் மட்டும் நடுப்பகுதி கூடுதலாகப் பிரகாசிக்காது. மிச்சமாகும் மின்சாரத்தை நடுச்சில்லுக்குத் திருப்பிவிட்டால்தான் பிரகாசம் கூடும், அதுவும் அந்தச் சில்லு தாங்கும் சூட்டின் எல்லைவரைதான்.

கட்டுரை மிகவும் சிலாகித்த திரவப் படிக லென்ஸுக்கு வருகிறேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்கும் பொருளை) நிரப்பி மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், மூலக்கூறுகள் சாய்ந்து, அவற்றின் ஊடே செல்லும் ஒளிக்கு ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் திறனின் அளவு, இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு படலம் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே வளைக்கும், எல்.இ.டி.யின் ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்வதால், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படலங்களை அடுக்கியாக வேண்டும். சிக்கல் அதற்கும் அப்பால் இருக்கிறது. படலத்தின் தடிமன் 50 மைக்ரோமீட்டர் என்றும், விலகல் எண்ணில் கிடைக்கும் வேறுபாடு 0.2 என்றும் கொள்வோம். இவ்விரண்டின் பெருக்கற்பலன் 10 மைக்ரோமீட்டர். இதை வைத்து 10 மி.மீ. ஆரமுள்ள ஒரே லென்ஸைச் செய்தால் அதன் குவியத் தூரம் 5 மீட்டர் வருகிறது. டார்ச்சுக்குள் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தடிமனைக் கூட்டலாமே என்றால், மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கேற்ப ஏறிக்கொண்டே போகும். அதே படலத்தைக் கால் மி.மீ. ஆரமுள்ள குட்டி லென்ஸுகளின் தொகுப்பாக அமைத்தாலோ, ஒவ்வொன்றின் குவியத் தூரமும் ஏறக்குறைய 3 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட தொகுப்பு பெரிய கற்றையை ஒரு புள்ளியை நோக்கிக் குவிக்காது. துண்டு துண்டாக வாங்கித் தனித்தனியே விசிறிவிடும். ஆகவே பின்னாலுள்ள அசையாத லென்ஸ் குறுகிய கற்றையைத் தயாரித்துக் கொடுக்க, முன்னாலுள்ள படலம் மின்னழுத்தத்துக்குத் தக்கபடி அதை அகலமாக்குகிறது.

அலுவலக அறைகளில் சுவிட்சைப் போட்டால் தெளிவாகும் பால்நிறக் கண்ணாடியும் இதற்கு உறவுமுறைதான். அதைக் கற்றையின் முன்னால் வைத்தால், மின்சாரம் இல்லாதபோது ஒளி சிதறி அகலும், மின்சாரம் பாய்ந்தால் குறுகிய கற்றை அப்படியே வெளியே வரும்.

நீரும் எண்ணெயும் சேரும் எல்லையை மின்னழுத்தத்தால் வளைக்கும் திரவ லென்ஸ் மட்டும் குவியத் தூரத்தையே மாற்றக்கூடியது. மின்னழுத்தம் பரப்பு இழுவிசையை மாற்றும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1875-இல் பாதரசத்தை வைத்து ஆராய்ந்த விளைவிலிருந்து வளர்ந்த நுட்பம் இது. சில மி.மீ. அகலமுள்ள கேமரா லென்ஸுகளுக்கு மிகவும் பொருத்தமானது; டார்ச்சின் முகப்பளவுக்குப் பெரிதாக்கினால் பரப்பு இழுவிசை மட்டும் அந்த வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பது கடினம். உள்ளே திரவம் நெளியும்போது அதை அசையும் பாகமில்லாதது என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

சொல்லில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வாங்குகிறவருக்கு அதில் கணக்கு இருக்கிறது. டார்ச் விளக்குகளுக்கென 2009-இல் வந்த எஃப்.எல்.1 தர அளவீட்டின்படி, பரப்பின் மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடமே டார்ச்சின் வீச்சு. 10,000 கேண்டெலா (ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவளவு) உள்ள கற்றை 200 மீட்டர் எட்டும். அதே ஒளியை மூன்று மடங்கு கோணத்துக்கு விரித்தால் கேண்டெலா ஒன்பதில் ஒரு பங்காகி, வீச்சு ஏறத்தாழ 67 மீட்டராகச் சுருங்கும். பெட்டியின் மேல் மொத்த ஒளியைக் குறிக்கும் லூமென் அளவு மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் இது எதுவும் தெரியவராது. குறுகிய நிலை, அகன்ற நிலை இரண்டுக்கும் கேண்டெலா அளவைத் தயாரிப்பாளர்கள் தனித்தனியே அச்சிட வேண்டும் என்பதையும், தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இவ்வளவுகளைக் கேட்டு வெளியிட வேண்டும் என்பதையும் வேண்டுகோளாக வைக்கிறேன்.

அதுவரை வாசகர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒளியை மிகக் குறைத்து, விளக்கின் முகப்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள். எரியும் சில்லு இடம் மாறினால் அது பல எல்.இ.டி. ஏற்பாடு, சில்லு மாறாமல் முன்கண்ணாடி மட்டும் பால்போல் வெளுத்தால் சிதறல் படலம், கண்ணாடி தெளிவாகவே இருந்து, எதிர்ச் சுவரில் கற்றை சீராக அகன்றால் அநேகமாகத் திரவப் படிகம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்