கடற்கரைச் சாலை சரி, உள் வீதிகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தினமும் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் இந்த ஊரில் சண்டையில்லாமல் பங்குபோட்டுக்கொள்ளும் இடம் அது. காந்தி சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் பாறைமேல் நின்று படம் எடுக்கிறார்கள். என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்கள் டூப்ளே சிலை வரை நடந்துவிட்டுத் திரும்புகிறோம். யாராலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

தொல்லை அதற்குப் பின்னால் உள்ள வீதிகளில். தடுப்பு போட்டதும் கார்கள் எல்லாம் துய்மா வீதிக்கும் ரோமன் ரோலண்ட் வீதிக்கும் திரும்பிவிடுகின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கார்களை நினைத்துப் போட்ட வீதிகளா அவை? போதாக்குறைக்கு, ஒருவழிப் பாதை எது என்று தெரியாமல் வாடகை ஸ்கூட்டரில் எதிரே வருகிறவர்கள். என் அக்கா வீடு துய்மா வீதியில் இருக்கிறது. அத்தானுக்கு டயாலிசிஸ். சனிக்கிழமை மாலை மருத்துவமனையிலிருந்து திரும்பினால் ஆட்டோ வாசலுக்கு வர வழியிருக்காது. தெருமுனையில் இறங்கி, கார்களுக்கு நடுவே அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார் அக்கா.

அப்புறம், படம் எடுக்க எல்லோரும் தேடிவரும் அந்த வீதியின் மஞ்சள் சுவர். கல்யாண ஜோடிகளும் கேமராக்காரர்களும் காலையிலேயே வந்துவிடுவார்கள். ஒருநாள் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த அக்காவிடம், "ஆன்ட்டி, கொஞ்சம் உள்ளே போங்க, ஃப்ரேமில் வர்றீங்க" என்றார்களாம். அவர் வீட்டு வாசலில்! இதற்குச் சட்டமெல்லாம் வேண்டாம், முதலில் மணியடித்து ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பயணிகள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் குருசுக்குப்பத்தில் பல வீடுகளுக்கு விடுதி வேலைதான் சோறு போடுகிறது. நான் கேட்பது, சனி, ஞாயிறு மாலைகளில் அந்தத் தடுப்பை இரண்டு வீதி உள்ளே தள்ளிப் போடுங்கள் என்பதுதான். டிசம்பர் 31 இரவு காவல்துறை இதைத்தானே செய்கிறது? புல்வார்டு என்கிற பழைய நகரப் பகுதிக்குள் வெளி வண்டிகளை விடாமல், குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். அதே சீட்டை வருடம் முழுக்கச் செல்லும்படி கொடுக்கலாம். நோயாளியை ஏற்றிவரும் ஆட்டோவைத் தடுக்கக் கூடாது. மற்ற கார்கள் பழைய துறைமுகப் பக்கம் நிற்கட்டும். அங்கிருந்து ஒரு சின்ன பஸ் விட்டால் நடக்க முடியாதவர்களுக்கும் கவலையில்லை.

விடுதிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அறைக்கு ஒரு சீட்டு என்று கொடுத்துவிட்டால் போயிற்று. கோடை விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன் நாலு வாரக் கடைசிகளில் சோதித்துப் பார்க்கட்டும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, தடுப்புகள் கடற்கரைச் சாலையிலேயே கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியை,
குருசுக்குப்பம், புதுச்சேரி