லிபரேட்டருக்கு இன்னொரு கதையும் உண்டு

ஆசிரியருக்கு,

லிபரேட்டர் குண்டுவீச்சு விமானக் கட்டுரை படித்தேன். இரண்டாம் உலகப் போரோடு அதன் கதை முடிந்ததாக எழுதியிருந்தீர்கள். இல்லை ஐயா. பிரிட்டிஷார் கான்பூரில் சேதப்படுத்திவிட்டுப் போனவற்றைச் சுதந்திரத்துக்கு அப்புறம் நம்மவர்கள் சரிசெய்து பறக்கவிட்டார்கள். 1968 வரை நம் விமானப்படையில் இருந்தன.

என் அப்பா அதில் மெக்கானிக். நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஆக 112. “மாற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்” என்பார். கடைசிவரை அவர் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. அவருடைய குறிப்பு நோட்டுதான் 2011-இல் வந்த ‘தானே’ புயலில் நனைந்து கட்டியாகிவிட்டது. ஓட்டியவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், சரி. பிளக் மாற்றியவர்களுக்கும் நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்