வாளில் பிறந்ததா கம்பிக் கபாப்?

ஆசிரியருக்கு,

கம்பியில் கோத்துச் சுடும் உணவு பற்றிய தங்கள் கட்டுரையில், துருக்கிப் போர்வீரர்கள் வாளில் இறைச்சியைக் குத்தி நெருப்பில் வாட்டியதில்தான் அது பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். சுவையான கதை; காலக்கணக்குதான் உதைக்கிறது.

கிரேக்கத்தின் சாண்டோரினி தீவிலுள்ள அக்ரோத்திரி என்ற பழங்கால ஊர் எரிமலைச் சாம்பலில் புதைந்து ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் ஆகின்றன. அங்கே கம்பிகளை ஏந்தும் தாங்கிகள் இணை இணையாகக் கிடைத்துள்ளன. கம்பி நகராமலிருக்க மேலே பள்ளங்கள், தணலுக்குக் காற்றுப் போக அடியில் துளைகள். சிலவற்றில் விலங்குத் தலை வேறு! துருக்கியர் அனத்தோலியாவுக்கு (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதிக்கு) வந்ததோ கி.பி. 11ஆம் நூற்றாண்டில். 'ஷிஷ் கபாப்' என்ற பெயரிலுள்ள 'ஷிஷ்' துருக்கிச் சொல்தான், கம்பி என்று பொருள். அதை நான் மறுக்கவில்லை.

கட்டுரை தொடாமல் விட்ட செய்தி இன்னும் ருசியானது. நாணயம் பரவுவதற்கு முன் கிரேக்கத்தில் இந்தக் கம்பிகளே பணமாகப் புழங்கியதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். கம்பியைக் குறிக்கும் 'ஒபெலோஸ்' என்ற சொல்லிலிருந்தே 'ஒபோல்' என்ற நாணயப் பெயர் வந்தது. ஆறு ஒபோல் ஒரு திராக்மா. திராக்மா என்றால் கைப்பிடி, அதாவது ஒரு கை கொள்ளும் கம்பிகள். கிரேக்க நகரமான ஆர்கோஸ் அருகே ஹேரா என்ற பெண் தெய்வத்தின் கோயிலில் காணிக்கையாக வைத்த இரும்புக் கம்பிக் கட்டே கிடைத்திருக்கிறது. 2002இல் யூரோ புழக்கத்துக்கு வரும்வரை கிரேக்கர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த பணமான திராக்மாவின் பெயர் அடுப்படியிலிருந்து வந்ததுதான்.

வாள் கதைக்கு 'என்பார்கள்' என்று ஒரு சொல்லாவது சேர்த்திருக்கலாம்.

– ஒரு வாசகர்