சென்னையில் ஒரு வாடகை வீடு: ஏப்ரல் 10-க்குள் ₹58,000 தேவை

அன்புள்ள ஊர்மக்களுக்கும் வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும்,

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாளைக்குக் கரையில் காசு புழங்காது. சென்னையில் சிகிச்சையில் இருக்கும் நம் ஊர்க்காரர் மூவர் தங்கப் பார்த்திருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரரும் 10-ஆம் தேதிக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிறார். அதனால்தான் அவசரம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது, கட்டிய துணியோடு வந்தவர்களுக்குத் திண்ணையை ஒழித்துக் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். வலை வாங்க வைத்திருந்த பணத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றுக்கும் ஏலத்தில் மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கான பங்கு, பிடித்துக் கொடுத்த கரை இது.

இன்று நம் ஊர்க்காரர் மூவர் சென்னையில் சிகிச்சையில் இருக்கிறார்கள். இரண்டு குழந்தைகள், இன்னொருவர் படகுக்குப் போகும் 26 வயதுத் தம்பி. மூவருக்கும் வந்திருப்பது கருநிலைக் கட்டி என்கிற ஒருவகைப் புற்றுநோய். பிள்ளை வயிற்றில் உருவாகும்போது முதிர்ந்திருக்க வேண்டிய செல்கள் சில முதிராமலே தங்கி, கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வருவது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வரும்; அபூர்வமாகப் பெரியவர்களுக்கும் வரும். ஒரு குழந்தைக்குச் சிறுநீரகத்தில், மற்ற இருவருக்கும் சிறுமூளையில். செய்வினை, தாயின் பாவம் என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தம்பி விடிந்தால் தலைவலி, வாந்தி என்று துடித்து, வல்லத்தில் கால் ஊன்ற முடியாமல் தள்ளாடினான். குடி என்று சிரித்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

சிறுமூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்ததும் கதிர்வீச்சு வாரத்துக்கு 5 நாள், சுமார் 6 வாரம். அப்புறம் மாதக்கணக்கில் கீமோ. 500 கிலோமீட்டர் தாண்டிப் போய்வர முடியுமா? கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறையும். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கத்தில் சுத்தமான அறை வேண்டும். முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்தியச் செலவைப் பார்க்கும், வீட்டு வாடகையைப் பார்க்காது.

அட்வான்ஸ் ₹1,00,000. மூன்று மாத வாடகை ₹45,000. அடுப்பு, பாத்திரம், பாய் ₹8,000. ஆக ₹1,53,000. கையில் இருப்பது ₹95,000.

பாசி எடுக்கும் பெண்கள் கடலில் முங்கிச் சம்பாதித்ததில் ₹11,000 கொடுத்தார்கள். அதை ஈரம் காயாத நோட்டுகளாகவே எண்ணி வைத்தோம். கருவாட்டு வியாபாரிகள், துபாய், சவூதிப் பிள்ளைகள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிக்கூடத்து மாணவிகள், எல்லாரையும் ஆண்டவன் குறைவில்லாமல் வைக்கட்டும்.

கொடியேற்றத்துக்கும் கந்தூரிக்கும் கணக்குப் பார்க்காத விசைப்படகு முதலாளிகள் சிலர் இன்னும் நோட்டில் எழுதவில்லை. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

தினமும் மாலை ஏலக்கூடத்தில் கமிட்டியார் இருப்பார்கள். பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு ஞாயிறுதோறும் போர்டில் எழுதப்படும்.

இப்படிக்கு,
ஊர்க் கமிட்டியார்