முருகேசனுக்கு: தரவு அகராதியை எங்கிருந்து தொடங்குவது

அன்புள்ள முருகேசன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உங்கள் அமெரிக்கக் கவுண்டி நிர்வாகத்தின் மனித சேவைத் துறையில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான தரவு அகராதியை, அதாவது எந்த விவரத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் பட்டியலை, உருவாக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

எல்லா சிஸ்டத்திலிருந்தும் ஃபீல்டு (விவரக் கட்டம்) பட்டியலை இறக்கி ஒரே எக்செல்லில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ஆயிரக்கணக்கில் வரிசை சேரும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். இரண்டு பிரிவாவது பயன்படுத்துகிற, மாத அறிக்கையில் எண்ணிக்கை இடிக்கிற விவரங்களை மட்டும் முதலில் எடு. நாற்பது, ஐம்பது தேறும். தொடங்க அது போதும்.

அதில் முதல் சண்டை ‘குடும்பம்’ பற்றித்தான் வரும். ஒரு வீட்டில் 58 வயது அம்மா, மணமாகாத 30 வயது மகள். மகள் தன் வருமான வரிக் கணக்கில் அம்மாவைத் தன்னைச் சார்ந்தவராகக் காட்டுகிறாள். இருவரும் சேர்ந்து வாங்கிச் சமைத்தால் ஸ்நாப் உணவு உதவிக்கு ஒரே குடும்பம். சமையல் தனித்தனி என்றால் இரண்டு குடும்பம். வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டில் சமையலுக்கு வேலையே இல்லை, வரிக் கணக்குதான் பேசும். மகளுக்குக் குடும்ப அளவு 2. அம்மாவைச் சார்ந்தவராகக் காட்டியது கணவரோ பெற்றோரோ இல்லை என்பதால் அம்மாவுக்கு 1. ஒரே வீட்டில் ஆளுக்கு ஆள் எண் மாறுகிறது. ஆகவே குடும்ப அளவைக் கேஸுக்கு ஒன்று என்று சேமிக்கவே கூடாது. ஆள், திட்டம், தேதி மூன்றோடும் சேர்த்துத்தான் அதை வைக்க வேண்டும்.

எல்லாரையும் ஒரே வரையறைக்கு இழுக்கக் கூட்டம் போடாதே. இரண்டுமே கூட்டரசு விதி, கவுண்டியில் யாராலும் மாற்ற முடியாது. இரண்டு பதிவாகப் போடு. பெயரும் இரண்டு, கூட்டரசு விதித் தொகுப்பான சிஎஃப்ஆரின் விதி எண்ணும் இரண்டு: ஸ்நாப்புக்கு 7 சிஎஃப்ஆர் 273.1, மெடிக்கெய்டுக்கு 42 சிஎஃப்ஆர் 435.603. மொட்டையாகக் ‘குடும்பம்’ என்ற பெயரில் ஒரு பதிவும் இருக்கக் கூடாது. ‘வீடற்றவர்’ என்பதும் இதே கதைதான். வீடு போய் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையைப் பள்ளிக் கல்விச் சட்டம் கணக்கில் சேர்க்கும், கூட்டரசு வீட்டுவசதித் துறையான ஹட் பெரும்பாலும் சேர்க்காது.

வருமானத்துக்கு வரையறை மட்டும் போதாது, கணக்குப் போடும் முறையையும் எழுது. வாரக் கூலி 500 டாலர் என்று வை. ஸ்நாப் விதியில் உள்ள 4.3 ஆல் பெருக்கினால் மாதம் 2,150. இன்னொரு சிஸ்டம் 4 ஆல் பெருக்கினால் 2,000. உச்சவரம்பை ஒட்டி நிற்பவருக்கு இந்த 150 டாலரில் உதவி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளம் என்றால் 2.15 ஆல் பெருக்க வேண்டும்.

காலியாக விட்ட இடங்களை அலட்சியப்படுத்தாதே. வீடற்றோர் தரவுத் தரநிலையில் பதில் குறியீடு 8 என்றால் தெரியாது என்றார், 9 என்றால் சொல்ல விரும்பவில்லை, 99 என்றால் தகவல் சேகரிக்கப்படவில்லை. தரவை மாற்றும்போது இந்த மூன்றையும் வெற்றாக்கி, பிறகு வெற்றை ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவார்கள். மாற்றுத்திறன் பற்றிக் கேட்கவே படாதவர் ‘மாற்றுத்திறன் இல்லாதவர்’ ஆகிவிடுவார். எனக்கு இதுதான் மிகவும் வேதனையான பிழை, ஏனென்றால் பின்னால் யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு மதிப்புப் பட்டியலுக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று போடு. இனம் பற்றிய கூட்டரசுத் தரநிலை 2024 மார்ச்சில் மாறியது. முன்பு இரண்டு கேள்வி, இப்போது ஏழு பிரிவுகளோடு ஒரே கேள்வி. பழைய பதில்களைப் புதிய பிரிவுகளுக்கு ஊகித்து மாற்றாதே, அப்படியே இருக்கட்டும்.

பொறுப்பாளர் கட்டத்தில் ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுது. போதைச் சிகிச்சைத் தகவல் எதுவானாலும் அதன் ரகசியம் காக்கும் கூட்டரசு விதியான 42 சிஎஃப்ஆர் பகுதி 2-க்குள் வருமா என்று குறித்து வை. பகிர்வு ஒப்பந்தம் எழுதும்போது வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான்.

அகராதி வெளியான பிறகு யாரோ படிவத்தில் ஒரு கேள்வி சேர்ப்பார்கள், உனக்குத் தெரியவே வராது. அகராதிப் பதிவு எண் இல்லாமல் புதுப் படிவமும் புது ஃபீல்டும் ஒப்புதலுக்குப் போகக் கூடாது என்று உன் இயக்குநரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடு.

குடும்பம், வருமானம் இரண்டின் வரைவும் தயாரானதும் அனுப்பு. வரிவரியாகப் பார்த்து எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவா