பாடசாலைக்குள் பொலிஸ்: ஸ்காபரோவிலிருந்து அக்காவுக்கு

ஸ்காபரோ, ரொறன்ரோ,
2026 தை

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கே நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. வெளியில் முழங்கால் வரை பனி. முற்றம் என்று ஒன்று இல்லாததால் பொங்கலை அடுப்பறையிலேயே முடித்தோம். பால் பொங்கியதோ இல்லையோ, புகைமணி அலறியதில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம்.

போனில் கேட்டீர்கள்: "பள்ளிக்கூடத்துக்குள் பொலிசை விடச் சட்டம் வந்திருக்கிறதாமே, நல்லதுதானே, பிறகு ஏன் சனம் எதிர்க்கிறது?" போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. உங்களுக்கு ஆற அமர எழுதவேண்டும் என்றுதான் இருந்தேன்.

இது புதிய விஷயம் அல்ல, அக்கா. 2007 மே மாதம் ரொறன்ரோவில் 15 வயது மாணவர் ஒருவர் தன் பாடசாலைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரே ஆடிப்போயிற்று. அடுத்த வருடமே சீருடையும் துப்பாக்கியுமாகப் பொலிஸ் உத்தியோகத்தர்களை உயர்நிலைப் பாடசாலைகளில் நிறுத்தினார்கள். மாணவர்களுடன் பேசிப் பழகி நம்பிக்கையை வளர்ப்பார்கள் என்பது ஏற்பாடு. 2017இல் ரொறன்ரோ கல்விச் சபை மாணவர்களிடமே கருத்துக் கேட்டது. 57 வீதமானோர் பொலிஸ் இருப்பது பாதுகாப்பாக இருக்கிறது என்றார்கள். 2,207 பேர், எங்களைக் கண்காணிக்கிறார்கள், குறிவைக்கிறார்கள் என்றார்கள். அந்த நவம்பரில் சபை 18க்கு 3 என்ற வாக்கில் திட்டத்தை நிறுத்தியது. பெரும்பான்மைக்குப் பிடித்த ஒன்றைச் சிறுபான்மைக்காக நிறுத்தினார்களே என்று இன்றும் குறைப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பான்மைக்குப் பிடித்தது என்ற ஒரு காரணமே போதும் என்று இலங்கைத் தமிழர் வாயிலிருந்து வரும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரிவதில்லை.

இப்போது எங்கள் ஒன்ராறியோ மாகாண அரசு, 2025 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தால், பொலிஸ் சேவையிடம் இப்படி ஒரு திட்டம் இருந்தால் கல்விச் சபை அதை ஏற்று நடத்தியே ஆகவேண்டும் என்று ஆக்கிவிட்டது. எங்கள் கல்விச் சபையின் அதிகாரத்தை அதற்கு முன்பே, ஜூனில், நிதி நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி, தான் நியமித்த மேற்பார்வையாளர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தது. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்களுக்கு இதில் இன்று கையுயர்த்தக்கூட இடமில்லை.

போன மாதம் மகனின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். நூலகத்தில் சிறுபிள்ளைகளுக்கான கதிரைகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். நம்மவர்கள் நாலைந்து பேர் எழுந்து, "பொலிஸ் வரட்டும், பிள்ளைகளுக்குப் பயம் இருக்கவேண்டும்" என்று பேசினார்கள். கஞ்சா, கத்தி, கழிவறைக்குள் புகைக்கிற குழாய் என்று அவர்கள் சொன்ன எதுவும் பொய்யில்லை. பிறகு ஜமேக்காவைச் சேர்ந்த ஒரு கறுப்பினத் தாய் எழுந்தார். மருத்துவமனைச் சீருடையோடு, வேலை முடிந்து நேரே வந்தவர். கோபப்படவில்லை, அதிபரிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். வருகிற உத்தியோகத்தர் உங்கள் சொல்லைக் கேட்பாரா, தன் மேலதிகாரியின் சொல்லைக் கேட்பாரா? என் மகனை ஒரு மூலைக்கு அழைத்து விசாரித்தால் அதற்கு முன் எனக்குச் சொல்வீர்களா? யாரை, எத்தனை தடவை, எதற்காக நிறுத்தினார் என்று எங்காவது எழுதிவைப்பீர்களா? அதிபர் நல்ல மனுசி. முதற்கேள்விக்கு, "அவர் பொலிஸ் சேவையின் ஊழியர்" என்றார். மற்ற இரண்டையும் குறித்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது கேள்வி சும்மா கேட்டதல்ல. இங்கே 12 முதல் 17 வயது வரையானவரைப் பொலிஸ் விசாரித்தால், நீ எதுவும் சொல்லவேண்டியதில்லை, பெற்றோரையும் சட்டத்தரணியையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு விளங்கும்படி சொல்லவேண்டும். சொல்லாமல் எடுத்த வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் தினமும் கூடைப்பந்து விளையாட வருகிற மாமா மாதிரியான ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் தோளில் கை போட்டு, "நேற்று யார் யார் அங்கே நின்றீர்கள்?" என்று கேட்பது விசாரணையா, சும்மா விசாரிப்பா? பதினான்கு வயதுக்காரனுக்கு எப்படித் தெரியும்? அவர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்குப் பிள்ளை வாயைத் திறக்கும்.

நிறத்துக்கும் இதற்கும் என்ன என்று கேட்பீர்கள். 2016இல் பக்கத்து நகரமான மிசிசாகாவில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைப் பாடசாலைக்குள் வைத்துப் பொலிசார் கையைப் பின்னால் கட்டி, காலுக்கும் விலங்கு போட்டு, குப்புறப் படுக்கவைத்து 28 நிமிடம் வைத்திருந்தார்கள். பிள்ளையின் எடை 48 இறாத்தல். அவர்கள் பாடசாலையில் நிலையாக நின்றவர்கள் அல்ல, பாடசாலை அழைத்ததால் வந்தவர்கள். இதில் இனம் ஒரு காரணம் என்று மனித உரிமைகள் தீர்ப்பாயம் சொன்னது 2020இல். 35,000 டொலர் நட்டஈடு தீர்ப்பானது 2021இல். பிள்ளைக்கு அப்போது பத்து வயதைத் தாண்டியிருக்கும். ரொறன்ரோவிலும் 2011 முதல் 2016 வரை பாடசாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். மாணவர் தொகையில் அவர்கள் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதிபரின் அறைக்கே இந்தச் சாய்வு என்றால், அந்த அறைக்குப் பக்கத்தில் விலங்கோடு ஒருவர் நின்றால் என்ன ஆகும்?

முறைப்பாடு செய்யலாம்தானே என்றால், செய்யலாம். மாகாணத்தில் அதற்கென்றே சுயாதீன முகவரகம் ஒன்று இருக்கிறது. ஆனால் பல முறைப்பாடுகளை அது அதே பொலிஸ் சேவையிடமே விசாரிக்கக் கொடுக்கும். அதுவும் நடந்து முடிந்த பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக. ஒரே உத்தியோகத்தர் ஒரே நிறத்துப் பிள்ளைகளையே திரும்பத் திரும்ப நிறுத்துகிறாரா என்பது அப்படி ஒருநாளும் வெளியில் வராது. பதிவேடு வைத்து எண்ணினால்தான் வரும்.

நம்மவர்கள் இதை மறந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே நமது இளைஞர் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டியும் சுட்டும் திரிந்தபோது, பொலிஸ் தமிழருக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தது. பெரியமாமாவின் மகன் அப்போது இங்கே படித்தவர். மூன்று தமிழ்ப் பொடியன்கள் சேர்ந்து டோனட் கடையில் நின்றாலே பெயர், முகவரி கேட்பார்களாம். இன்று அவர்தான் கூட்டத்தில், "ஒழுங்கான பிள்ளைக்கு என்ன பயம்?" என்றார். வெளியில் வந்ததும் கார் நிறுத்துமிடத்திலேயே நினைவுபடுத்தினேன். மனிதர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒன்று சொன்னால் ரசிப்பீர்கள். அந்த மிசிசாகாவை உள்ளடக்கிய பீல் பிராந்தியத்தின் பொலிஸ் தலைவர் நிஷான் துரையப்பா, நமது யாழ்ப்பாணத்தின் பழைய மேயர் அல்பிரட் துரையப்பாவின் உறவினர். 2019இல் பதவிக்கு வந்தார். அவர் காலத்தில், 2020இல், பீல் பொலிஸ் தன் பாடசாலைத் திட்டத்தைத் தானே நிறுத்திக்கொண்டது. இத்தனைக்கும் அதை நல்ல திட்டம் என்று கார்ல்ட்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று பாராட்டியிருந்தது.

பொலிசே வேண்டாம் என்பவன் அல்ல நான். கத்தி வெளியில் வந்தால் நானும் பொலிசைத்தான் கூப்பிடுவேன். ஆனால் எண்ணிக்கை இல்லாமல், இனவாரியான பதிவு இல்லாமல், வருடம் ஒருமுறை பெற்றோர் முன் கணக்குக் காட்டாமல் ஒருவரைப் பிள்ளைகள் நடுவே விடுவதற்குச் சம்மதமில்லை. அந்தத் தாயும் நானும் இன்னும் சிலரும் இதைக் கடிதமாக எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பியிருக்கிறோம். கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது.

அத்தானின் கண் சத்திரசிகிச்சைக்குப் பணம் புதன்கிழமை அனுப்பினேன். வங்கியில் கேட்டுப் பாருங்கள். ஒடியல் மா அனுப்புவதானால் வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள், தபாலில் வேண்டாம்.

அன்புடன்,
தம்பி