டாக் ரன்னுக்கு (நாய்களை அவிழ்த்துவிடும் வேலி போட்ட இடத்துக்கு) மாலையில் வருகிறவர்களுக்கு: முதலில் ஒரு கதவைச் சாத்துங்கள்

நம் புளோக் நாய்க்காரர்களுக்கு வணக்கம்.

நமக்குள் பாதிப் பேருக்கு மற்றவர் பெயர் தெரியாது, மைலோ அம்மா, கோக்கோ அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் நான் கருப்பி அப்பா. ஒரு காது மட்டும் மடிந்த சிங்கப்பூர் ஸ்பெஷல் (இந்த ஊர்க் கலப்பின நாய்), அவள்தான்.

போன சனிக்கிழமை ஆறரை மணிக்கு ஒருவர் உள்ளே வந்தார், பின்னாலேயே இன்னொருவர் வருகிறாரே என்று வெளிக்கதவைக் காலால் பிடித்துக்கொண்டார், நல்ல மனசுதான், ஆனால் உள்கதவும் அப்போது திறந்தே கிடந்தது. கருப்பி இரண்டு கதவுகளுக்கும் நடுவே புகுந்து நேராகப் பேருந்து போகிற சாலைக்கு ஓடிவிட்டாள். நான் ஒரு செருப்போடு பின்னால் ஓடினேன். சாப்பாடு கொண்டுபோன ஒரு பையன் பைக்கை நிறுத்தினான், அவன் பையை மோப்பம் பிடிக்க அவள் நின்றாள், பிடித்தேன். கோழிச்சோறுக்கு நன்றி.

அந்த இரண்டு கதவுகளும் அழகுக்கு வைத்ததில்லை. வெளிக்கதவைச் சாத்தி, நடுவில் நின்று கயிற்றைக் கழற்றி, அப்புறம்தான் உள்கதவு. சிலர் பயந்து கயிற்றோடே உள்ளே கூட்டிப்போகிறார்கள், அது இன்னும் வம்பு. சுற்றிலும் மற்ற நாய்கள் அவிழ்த்துவிட்டபடி இருக்க, தான் மட்டும் கட்டுண்டு விலகிப்போக வழியில்லாத நாய் வேறென்ன செய்யும், பல்லைத்தான் காட்டும்.

இன்னொன்று, புது நாய் வந்ததும் உள்ளே இருக்கிற ஐந்தாறும் கதவுக்கு ஓடி மொய்க்கின்றன. வாலாட்டுகிறதே, சந்தோஷமாக இருக்கிறது என்று நாம் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறோம். வால் விறைத்து மேலே நின்று வெடுக்கென்று ஆடினால் அது சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறது என்று அர்த்தம். உங்கள் நாயைக் கதவிலிருந்து கூப்பிட்டு எடுங்கள், வருகிறவரும் கூட்டம் கலையும்வரை நடுவிலேயே நில்லுங்கள், ஒரு நிமிடம்தான்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். குட்டிகளின் உயிரையே வாங்கும் வயிற்றுப்போக்கைத் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், வெளியே கால் வைத்தால் கயிறு கட்டாயம், அதனால் கருப்பி கயிறில்லாமல் ஓடுகிற ஒரே இடம் இந்தச் செவ்வகப் புல்தரைதான், மழை பெய்தால் அதுவும் பாதி சேறு. இங்கேயும் நான் அவளைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார முடியாது.

சரி, வெளிக்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருப்பது எனக்கும் தெரியும். கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து அழுத்துங்கள், டக்கென்று விழும்.

கருப்பி அப்பா